சிகாகோவுக்கு இருபது மணி நேரம்

பெருந்துறைப் பக்கம் தறிக்கூடம் நடத்திவந்த ஒரு பெண்மணிக்கு நினைவு தப்பிவிட்டது என்று அவருடைய மகனிடம் சொன்னவன் நான். அவருக்கு நினைவு தப்பவில்லை. அவர் சொன்னதெல்லாம் சரி. அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

பயணச்சீட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமையாகச் சொல்ல என்னிடம் கதைகள் உண்டு. விமானம் ரத்தான நாளில் ஒரு கல்யாண மாப்பிள்ளையை ரயிலும் காருமாக மாற்றி மாற்றி ஏற்றி முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அதைப் பல இடங்களில் சொல்லியாயிற்று. சொல்லச் சொல்ல அந்த மாப்பிள்ளையின் தாலி கட்டும் நேரம் நெருங்கிக்கொண்டே வருகிறது. அந்தக் கதையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இதனால் இருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவிநாசி சாலையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சின்ன அலுவலகம். நான், டிக்கெட் போடும் ஒரு பெண், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் தூதரகங்களுக்கும் அலைய ஒருவர். சாலைக்கு எதிர்ப்புறம், அதே உயரத்தில், போட்டி அலுவலகம் ஒன்று. அவர்கள் ஜன்னலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் ஜன்னல் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களிடம் இல்லாத ஒன்று என் மேசையில் இருந்தது: ஒரு பெரிய உலக உருண்டை. நான் கணிதத்தில் முதுகலை படித்தவன். வாத்தியார் வேலை கிடைக்காமல் இந்தத் தொழிலுக்கு வந்தவன். படித்த படிப்பைக் காட்டிக்கொள்ள எனக்கிருந்த ஒரே வழி அந்த உருண்டை. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் கோயமுத்தூரில் ஒரு நூலின் நுனியை வைப்பேன். மறுநுனியை அவர் போக வேண்டிய ஊரில் வைத்து இழுத்துப் பிடிப்பேன். அந்த நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டு, இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று சொல்வேன். சிகாகோவுக்கு நூல் மேற்கே போகாது. நேராக வடக்கே ஏறி, பனிக்கடலைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். பார்ப்பவர்கள் வாய் பிளப்பார்கள். ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். கணக்கு சரிதான். ஆனால் அந்த நூல் போன வழியில் அன்று எங்கள் ஊர்க்காரர் யாரும் போனதில்லை. நூல் பம்பாயில் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்காது.

பழனியம்மாளும் அவருடைய மகன் பூபதியும் ஒரு முற்பகலில் வந்தார்கள். முதலில் எதிர் மாடிக்குப் போய்விட்டு, பிறகுதான் சாலையைக் கடந்து எங்களிடம் வந்தார்கள். அதையும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் போனபின் தறிக்கூடத்தை அவரே நடத்திவந்தார். நூல் பிடிப்பது, ஆள் பிடிப்பது, துணி அனுப்புவது எல்லாம் அவர் கையில். மகன் படித்துவிட்டுக் கூடமாட இருந்தார். சிகாகோவில் அந்த அம்மாவின் தங்கைக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டு மாதம் தங்குவதாகத் திட்டம். விசா வந்தாயிற்று, தனியாகப் போகிறார், ஆங்கிலம் தெரியாது.

நான் வழக்கம்போல நூலை எடுத்தேன். அந்த அம்மா நூலைக் கையில் வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது நாப்பதாம் நம்பர் நூலுங்களே. எங்க வாங்குனீங்க? முறுக்குப் பத்தாதுங்க."

"அம்மா, அவரு என்ன நூல் யாவாரமா பண்றாரு?" என்று பூபதி சிரித்தார்.

"இல்லைன்னா என்ன கண்ணு? இழுத்துப் புடிச்சு அமெரிக்கா வரைக்கும் போறாரு. பாதியில அறுந்துபோச்சுன்னா?"

எல்லோரும் சிரித்தோம். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வரும்படி பூபதியைக் கீழே அனுப்பினேன். அவர் படி இறங்கியதும் அந்த அம்மா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, ஏறுனா எறங்கறதுக்கு எத்தன மணி நேரமாகுமுங்க?"

மூன்று விமானம். பம்பாய்க்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஒன்பது, அங்கிருந்து சிகாகோவுக்கு ஒன்பது. "இருபது மணி நேரமுங்க" என்றேன்.

"எதுத்தாப்புல நாப்பதுக்கு மேலன்னாங்களே?"

எதிர் மாடிக்காரர் சொன்னது சரி. பம்பாயில் பதினோரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிராங்க்பர்ட்டில் ஐந்து. வீட்டிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு வந்து சேர்வது, சிகாகோவில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் நிற்பது, கார் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போவது எல்லாம் சேர்த்தால் நாற்பத்து மூன்று. நான் கொடுக்கப்போவதும் அதே வழி, அதே விமானங்கள்.

"அவிங்க சுத்து வழியில அனுப்புவாங்கம்மா. நம்முது நேர் வழி" என்றேன்.

"அப்ப இருவதுதானுங்களா?"

"இருபதுதானுங்க."

"உறுதியாத்தான் சொல்றீங்க?"

"உறுதியாத்தாம்மா."

அந்த அம்மா கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். "இருவதுன்னா தாங்கிக்கலாமுங்க" என்றார். விமானம் என்றால் பயம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு அரை நிமிடம் போதும். பூபதி நகலோடு மேலே வந்தார். "இங்கியே எடுத்துக்கலாம் கண்ணு. தம்பி வெவரமாச் சொல்றாரு" என்றார் அம்மா.

டிக்கெட்டில் நேரமெல்லாம் அச்சாகி இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர்க் கடிகாரம். இன்று மத்தியானம் ஏறினால் நாளை மத்தியானம் சிகாகோ என்றுதான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். சிகாகோக் கடிகாரம் நமக்குப் பல மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதை யார் எடுத்துச் சொல்ல வேண்டும்? டிக்கெட் கொடுக்கிறவன்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. நல்ல காரியமாக ஒன்று மட்டும் செய்தேன். மொழி தெரியாத பயணி என்று குறிப்புப் போட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் வந்து அழைத்துப்போக ஏற்பாடு செய்தேன். அழைத்துப்போனார்கள். ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மா உட்கார்ந்தார்.

சிகாகோவில் விமானம் இறங்கும் முன்பே அவர் மயங்கிவிட்டார். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் நீர் வற்றிப்போய் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் என்னென்னவோ பேசியிருக்கிறார். மருந்து கொடுக்க வந்த நர்சிடம் தறிக்கூடத்துச் சாவியைக் கேட்டாராம். ஒரு வாரத்தில் தேறிவிட்டார். ஆனால் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று அக்கா வேறொரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கிடந்தார். யாரைப் பார்த்துக்கொள்ளப் போனாரோ அவர் வீட்டுக்கே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார்.

விஷயம் தெரிந்து பூபதி என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கோபமாகக்கூட வரவில்லை. குழம்பிப்போய் வந்திருந்தார்.

"சார், போன்ல அம்மா சொல்றாங்க, நீங்க இருவது மணி நேரம்னு சொன்னீங்களாம். அதை வெச்சுத்தான் தண்ணியே குடிக்காம போயிட்டாங்களாமா. அப்பிடியா சார் சொன்னீங்க?"

அப்போது என் எதிரில் திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்கு முப்பது பேர் கொண்ட குழுவை அனுப்பும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று பேச வந்தவர்கள். எதிர் மாடிக்கும் அவர்கள் போய்விட்டு வந்திருந்தார்கள். மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நம் தொழிலில் தவறு நடக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறும், தேதி மாறும், மாறவேண்டிய விமானம் தவறும். அவற்றைச் சரிசெய்ய வழிமுறை இருக்கிறது. அதை உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். தவறு தெரிந்தபின் நீங்கள் பேசும் முதல் வாக்கியத்தைச் சரிசெய்ய ஒரு வழிமுறையும் கிடையாது. நான் பேசிய வாக்கியம் இது:

"நான் நாப்பதுக்கு மேலன்னுதானுங்க சொன்னேன். டிக்கெட்லயே நேரம் போட்டிருக்குது பாருங்க. வயசானவங்க, அவங்களுக்கு நெனப்புத் தப்பியிருக்கும்."

பிறகு அவர் கையிலிருந்த டிக்கெட் நகலை வாங்கி, ஊர் ஊராகக் கடிகார வித்தியாசத்தை விளக்கினேன். அந்த அம்மாவுக்கு விளக்க வேண்டியதை, அவர் கிளம்பும் முன் விளக்க வேண்டியதை, அவருக்கு எதிராக விளக்கினேன். கணிதம் படித்தவன் அல்லவா, வெகு தெளிவாக விளக்கினேன். பூபதி தலையாட்டினார். "அப்பிடியும் இருக்குமுங்க. ஆஸ்பத்திரியிலயும் ஒளறிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது பேர் குழு எங்களுக்கே கிடைத்தது.

ஒரு வருடம் கழிந்திருக்கும். பூபதி மறுபடி வந்தார், ஒரு பை நிறைய நிலக்கடலையோடு. புதுத் தறி பார்க்க வெளிநாடு போக வேண்டுமாம். எனக்கு உள்ளூர ஒரு பயம். ஆனாலும் விசாரிக்காமல் இருக்க முடியாது.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க சார். நீங்க அன்னிக்குச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்க சொல்லலீன்னா நாங்க கவனிச்சிருக்கவே மாட்டோம்."

"என்ன சொன்னேன்?"

"நெனப்புத் தப்புதுன்னு சொன்னீங்கல்ல. அப்பறம் பாத்தா ஆமாங்க சார். சாவிய வெச்ச எடத்துலயே நின்னு தேடறாங்க. ஒரே விஷயத்த ரெண்டு மூணு தடவ கேக்கறாங்க. கூடத்துப் பொறுப்ப நானே வாங்கிக்கிட்டேன். டாக்டருகிட்டயும் காட்டுனோம். வயசானா வர்றதுதான்னு மாத்திர குடுத்திருக்காரு. சிகாகோச் சித்திகூட போன்ல பேசறதுன்னா எங்கிட்டத்தான் பேசுது இப்ப."

அவர் கொண்டுவந்த கடலையை மேசைமேல் வைத்தார். நன்றி சொல்ல வந்த கை அது. என் வாழ்க்கையில் அதைவிடக் கனமான எதையும் யாரும் என் மேசைமேல் வைத்ததில்லை.

அன்றே அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.  உருண்டையை மேசையிலிருந்து எடுத்து அலமாரிமேல் வைத்தேன். அது ஒரு பரிகாரமா? அசட்டுத்தனம். ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன்.

தறிக்கூடத்தை ஒட்டிய வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இருப்பவர்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. வெளியிலிருந்து போனவனுக்குத் தன் குரலே கேட்காது. பழனியம்மாள் இளைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, "வாங்க தம்பி, நேர் வழியில வந்தீங்களா, சுத்து வழியில வந்தீங்களா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஒரு வருடம் முன்பு நான் பேசிய சொல் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. பூபதி அதைக் கவனிக்கவில்லை.

நான் வரும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "இருபது மணி நேரம்னு நான்தான் சொன்னேன்."

"என்னங்க சார்?" என்றார் பூபதி, காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு.

ஒரு கணம் ஆசை வந்தது. 'ஒன்றுமில்லை, சும்மா பார்த்துப் போகலாம் என்று வந்தேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். தறிச் சத்தம் எனக்கு இன்னொரு தடவை கதவைத் திறந்துவிட்டது. நான் எழுந்து நின்று, கத்திச் சொன்னேன்.

"இருபது மணி நேரம்னு அம்மாகிட்ட நான்தான் சொன்னேன்! அவங்க மூணு தடவ கேட்டாங்க! மூணு தடவையும் நான் அதையேதான் சொன்னேன்! அப்பறம் உங்ககிட்டப் பொய் சொன்னேன்!"

கூடத்து வாசலில் நின்றிருந்த தறிக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அது நியாயம்தான். பொய்யையும் நான் நாலு பேர் காதில் விழும்படிதான் சொல்லியிருந்தேன்.

பழனியம்மாள் மகனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். ஒருவர் போய்த் தறிகளை நிறுத்தினார். ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஒரு காக்கை கத்துவது கேட்டது.

"அப்ப நான் சொன்னது நெசந்தானுங்களா தம்பி?"

"நெசந்தாம்மா."

"ஒரு வருசமா மெயின் சுவிட்ச அணைச்சனா அணைச்சனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் பாக்கறனுங்க. அணைச்சுத்தான் இருக்குமுங்க. வந்து படுப்பேன். மறுக்காவும் போவேன். என்ற மேல எனக்கே நம்பிக்கையில்லாம பண்ணிப்போட்டீங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"அன்னிக்கு ஆபீஸ்ல ஆளுக உக்காந்திருந்தாங்கம்மா. பெரிய பார்ட்டி."

"அவ்வளவுதானுங்களா?"

அவர் வேறு ஏதாவது பெரிய காரணத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் இத்தனை வருடமாகத் தேடிப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தை அவர் அப்போதுதான் விவரமாகச் சொன்னார். பழனிக்குப் பஸ்ஸில் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் அவர்கள் பக்கத்துப் பெண்கள் கிளம்பும் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுவார்களாம். வழியில் இறங்கி ஒதுங்க இடம் இருக்காது. இருந்தாலும் போகிற மாதிரி இருக்காது. இத்தனை மணி நேரப் பயணம் என்றால் இவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு. விமானத்துக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற ஒருத்தரின் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உள்ளே போவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்.

"இருவதுன்னீங்க. சரி, கெளம்பறப்ப ஒரு டம்ளர், பம்பாயில அரை டம்ளர்னு வெச்சுக்கிட்டேன். பம்பாயிலயே பொழுது போயிருச்சு. சரி, இனிமே கொஞ்ச நேரந்தானேன்னு இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் முடியவே இல்லீங்க."

"நாப்பத்தி மூணுன்னு நான் சொல்லியிருந்தா குடிச்சிருப்பீங்களா?"

"அப்ப அடுத்த கேள்வி கேட்டிருப்பனுங்க. நடுவால எங்க எறங்கறது, அங்க பொம்பளைகளுக்குத் தனியா எடமிருக்குதா, பெட்டிய யாரு பாத்துக்குவாங்க, எல்லாங் கேட்டிருப்பேன். நீங்க இருவதுன்னதும் அந்தக் கேள்விக்கெல்லாம் வேலையில்லாமப் போச்சு."

இந்த இடத்தில் உங்களை நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து தூரம் கேட்பார், நேரம் கேட்பார். அது அவர் மனதில் வேறொன்றாக மாறப்போகிறது. சர்க்கரை ஊசியை எத்தனை மணிக்குப் போடுவது என்பதாக மாறலாம். கைக்குழந்தைக்கு எத்தனை புட்டிப் பால் என்பதாக மாறலாம். இந்த அம்மாவிடம் அது தண்ணீராக மாறியது. எதற்காகக் கேட்கிறார் என்று நம்மிடம் சொல்லக் கூச்சப்படுவார். பாதிப் பதில் கொடுத்தால் பாதி உதவி செய்ததாக ஆகாது. அவர் கேட்கவேண்டிய அடுத்த கேள்வியை நீங்கள் பிடுங்கிக்கொண்டதாக ஆகும்.

பூபதி திடீரென்று எழுந்தார். "எந்திரிங்க சார்" என்றார். "எங்கம்மாவ நான்... டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயி, அவங்க முன்னாடியே 'இவங்களுக்கு நெனப்பில்லை'ன்னு சொன்னேன் சார். எங்கம்மா ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாங்க. எந்திரிங்க. போயிருங்க."

"பூபதி" என்றார் அம்மா. "ஊட்டுக்கு வந்தவருக்குத் தண்ணி குடுத்து அனுப்பு."

அவர் கொடுத்தார். நான் குடித்தேன். 

அடுத்து நான் செய்ய முயன்றவை: சிகாகோவுக்கு போன் போட்டுத் தங்கையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "அக்கா ரெண்டு மாசமும் எனக்குச் சமைக்கறேன்னு கேட்டுச்சுங்க. பூபதி சொன்னத நம்பி, கேஸ அணைக்க மறந்துருமோன்னு பயந்து நாங்க அடுப்புப் பக்கமே விடலை" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அந்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மாத்திரையை நிறுத்தினார். பின்னலாடைக்காரர்கள் மூவரிடமும் சொன்னேன், அவர்கள் முன்னால் பேசிய பொய் என்பதால். இந்த வேலைதான் எளிதாக முடிந்தது. "இதப் போயி மெனக்கெட்டுச் சொல்றீங்களே, யாவாரத்துல இதெல்லாம் இல்லாமயா?" என்று ஒருவர் என் தோளில் தட்டினார். தொடர்ந்து எங்களிடமே டிக்கெட் எடுத்தார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் எதிர் மாடிக்குப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எதிர் மாடிக்காரரிடமும் போனேன். சுற்று வழி என்று உங்களைப் பற்றிச் சொன்னேன் என்றேன். "தெரியுமுங்க. உங்க நூலுக்கு முன்னாடி நாங்க நிக்க முடியுமா?" என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பூபதி அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பலர் மெல்ல நின்றுவிட்டார்கள். அது சரியான தண்டனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தண்டனை எனக்கு, நஷ்டம் அந்த அம்மாவுக்கு. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் கணக்கு இல்லை.

அதற்கப்புறம் யார் நேரம் கேட்டாலும் 'உங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை' என்று ஆரம்பிப்பது என் வழக்கமாயிற்று. சிலர் மலைத்துப்போய் டிக்கெட் எடுக்காமல் எழுந்து போவார்கள். போகட்டும் என்று விடப் பழகினேன்.

இன்னும் ஒரு வருடம் போல ஆகியிருக்கும். ஒரு முற்பகலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழனியம்மாளும் பூபதியும் எதிர் மாடியிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் கார் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தது. அம்மா காரில் ஏறவில்லை. சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார். படியில் அவர் நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. பின்னால் பூபதி, வேண்டாவெறுப்பாக.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார். "உருண்டை எங்கீங்க?"

"எடுத்து வெச்சுட்டம்மா."

"நல்லாத்தான இருந்துச்சு" என்றார். பிறகு, "தங்கச்சியப் பாக்கப் போறனுங்க. நோயாளியப் பாக்க இல்ல, ஒறம்பரையா, விருந்துக்கு. நூல் வாங்கறதெல்லாம் இப்ப மறுக்கா நாந்தான் பாக்கறேன். மத்ததெல்லாம் அவன் பாத்துக்கறான், பாக்கட்டும். டிக்கெட்டு எதுத்தாப்புலதான் எடுத்தனுங்க. மணி மட்டும் நீங்க சொல்லுங்க."

"அவங்க சொல்லியிருப்பாங்களே அம்மா?"

"சொன்னாங்க. நீங்க சொல்லுங்க."

பூபதி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைக் கைகாட்டிப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "இந்தத் தடவ கீழ ஒண்ணும் நகல் எடுக்கற வேல இல்ல. இங்கியே உக்காரு."

டிக்கெட்டை வாங்கி விரித்தேன். வீட்டு வாசலில் கார் ஏறுவதிலிருந்து ஆரம்பித்தேன். பம்பாயில் எந்தக் கட்டடத்திலிருந்து எந்தக் கட்டடத்துக்கு மாற வேண்டும், உட்காரவைக்கும் இடத்திலிருந்து பெண்கள் கழிப்பறை எந்தப் பக்கம், பெட்டியை யாரிடம் விட்டுப் போகலாம், விமானத்துக்குள் கழிப்பறைத் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், தாழ்ப்பாள் போட்டால்தான் உள்ளே விளக்கு நன்றாக எரியும் என்பது, பிராங்க்பர்ட்டில் எவ்வளவு நேரம், சிகாகோவில் இறங்கியபின் வரிசையில் எவ்வளவு நேரம், தங்கை வீட்டு வாசல் எத்தனை தூரம். ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டினேன். இடையிடையே அவர் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன்.

"மொத்தம் நாப்பத்தி ஒரு மணி நேரமம்மா. போன தடவையவிட பம்பாயில ரெண்டு மணி நேரம் கம்மி."

அம்மா மகன் பக்கம் திரும்பினார். "நாப்பத்தி ஒண்ணு. நீயும் கேட்டுக்கிட்டயா கண்ணு?"

"கேட்டுக்கிட்டேம்மா" என்றார் பூபதி. 

அம்மா எழுந்தார். இவ்வளவும் சொல்லியிருக்கிறோமே, நடுவில் ஏதாவது விட்டுப்போகுமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"அம்மா, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தறட்டுங்களா?"

"வேண்டாமுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. "எனக்கு நெனப்பிருக்கும்."